பத்து வயசுப் பையனும் அஞ்சு வயசுப் பெரியவரும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு 24 வயது முடிந்துவிட்டது. தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கக்கூடாது என்பது விதி. அதைத் தாண்டி மூன்று வருடம் ஆகிறது. "படிக்கிற பையன் எழுதுகிற விஷயமா இது?" என்று கேட்கப்போகிறவர்கள், ஆராய்ச்சி மாணவன் என்பவன் தலை நரைத்தாலும் படிக்கிற பையன்தான் என்பதைக் கருணையோடு கணக்கில் எடுத்துக்கொள்ளவும் :-)

இன்னொன்று. இது 'குடித்தேன், பறந்தேன்' வகைக் கட்டுரை இல்லை. இரண்டு தடவையாக நான் குடித்தது மொத்தமே 60 மில்லி. ஒரு இருமல் மருந்து பாட்டிலில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதைப் பற்றி இவ்வளவு எழுத என்ன இருக்கிறது என்றால், இருக்கிறது.

விஷயம் இதுதான். முதலாவது, ஸ்காட்லாந்து சிங்கிள் மால்ட் விஸ்கி. பெயர் க்ளென் கிராண்ட். பாட்டில் மேலேயே 10 வருடம் என்று போட்டிருக்கிறது. இரண்டாவது, நம்ம பெங்களூர் அம்ருத். அதில் வயசே போடவில்லை. பீப்பாயில் நாலைந்து வருடம்தான் இருந்திருக்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் குடித்துப் பார்த்தால் கதை தலைகீழ். பத்து வயசுக்காரன் அப்போதுதான் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் கிளம்பின பையன் மாதிரி இருக்கிறான். அஞ்சு வயசுக்காரரோ வெற்றிலைச் செல்லத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர். ஏன் இப்படி என்று தேடப்போய்தான் இவ்வளவும்.

அதற்கு முன்னால் என் மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் சொந்தத்தில் அவரைப் போல நாக்கு யாருக்கும் கிடையாது. அல்வா விரலில் ஒட்டும்போதே "நெய் இன்னைக்கு உருக்குனது இல்ல" என்பார். தச்சநல்லூரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "என்னவே, இன்னைக்கு போர் தண்ணிலயா போட்டிரு? ஆத்துத் தண்ணி வரலியோ?" என்று கேட்பார். மாஸ்டர் முறைப்பார். ஆனால் மறுக்கமாட்டார். பதநீர்க் காலம் வந்தால் என்னை சைக்கிள் கேரியரில் வைத்துக் கூட்டிக்கொண்டு போவார். ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்ததை உடனே குடிக்க விடமாட்டார். முதலில் மோந்து பார்க்கவேண்டும். "சுண்ணாம்பு மணக்கா? மணந்தா கூடப் போட்டுட்டான். புளிச்ச மணம் வருதா? வந்தா கொறச்சுப் போட்டுட்டான். ரெண்டும் இல்லன்னா குடிலே."

கலயத்தின் உட்பக்கம் சுண்ணாம்பு தடவாவிட்டால் சில மணி நேரத்தில் பதநீர் கள்ளாகத் திரும்பிவிடும் என்பதை நான் வேதியியல் புத்தகத்தில் படிப்பதற்குப் பல வருடம் முன்னால் இப்படித்தான் மூக்கால் தெரிந்துகொண்டேன்.

அதே மாமா சாயங்காலம் குடிப்பதையும் பார்த்திருக்கிறேன். கூட்டிக்கொண்டு வா என்று அம்மா அனுப்புவாள். கடைக்குப் பக்கத்துச் சந்தில் நின்றுகொண்டிருப்பார். பிளாஸ்டிக் டம்ளர், பாக்கெட் தண்ணீர். இடது கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு. வேப்பெண்ணெய் குடித்தது மாதிரி முகம் கோணும். உடனே ஊறுகாய். "நல்லா இருக்குமா மாமா?" என்று ஒரு தடவை கேட்டேன். "இத எவம்லே ருசிக்குக் குடிக்கான்?" என்றார்.

2014-ல் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். வயது 47. அதற்கு மேல் அதை விவரிக்க எனக்கு மனசில்லை. பதநீரை மோந்து பார்க்காமல் குடிக்கவிடாத ஆள், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தே செத்தார் என்பது மட்டும் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

இதில் பாட்டிலின் அளவுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். குவாட்டர் என்பது 180 மில்லி. இரண்டு பேர் பங்கு போட்டால் கட்டிங். டாஸ்மாக் நிறுவனம் 1983-ல் வந்தது. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. நம் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் அந்த பாட்டிலை உள்ளே கொண்டுபோக முடியாது. திறந்தால் முடித்துவிட்டுத்தான் நகரவேண்டும். நின்றபடி, யாராவது தெரிந்தவர் பார்ப்பதற்குள், பத்து நிமிடத்தில். 30 மில்லியை மட்டும் ஊற்றி அரை மணி நேரம் வைத்துக்கொண்டு உட்காரலாம் என்ற எண்ணத்துக்கே அங்கே இடம் இல்லை.

நம்மூர் விஸ்கி, பிராந்தி லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதென்ன புள்ளி எட்டு? வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு அது. அவர்களுடைய '100 புரூப்' என்பது 57.1 சதவீதம் ஆல்கஹால். அதில் முக்கால் பங்கு 42.8. வெள்ளைக்காரர்களே அந்த அளவையை விட்டுவிட்டார்கள். நாம் விடவில்லை.

சரி, பாட்டிலுக்கு வருவோம்.

தோஹாவில் வேலை பார்க்கிற அத்தான் (அக்கா வீட்டுக்காரர்) போன ஜனவரியில் லீவுக்கு வந்தபோது வாங்கிவந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் 2 லிட்டர் வரைக்கும் சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம். அத்தான் ஒன்றும் பெரிய ரசிகர் கிடையாது. கூட வேலை பார்க்கிற ஒரு இத்தாலிக்காரர் இதைத்தான் வாங்கச் சொன்னாராம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, இத்தாலிக்கும் ஸ்காட்ச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று. பிறகு தேடிப் பார்த்தால் பெரிய சம்பந்தம் இருக்கிறது. 1961-ல் அர்மாண்டோ ஜியோவினெட்டி என்ற இத்தாலிய வியாபாரி ஸ்காட்லாந்து போய், 50 பெட்டி க்ளென் கிராண்ட் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். அதிலிருந்து 5 வருட க்ளென் கிராண்ட் இத்தாலியில் ஓகோவென்று ஓடியது. பழசு என்றால்தான் உசத்தி என்று மற்றவர்கள் 12, 18, 25 என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, இத்தாலிக்காரர்களுக்கு இளசாக, லேசாக, சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்கிற மாதிரி ஒன்று பிடித்துப்போயிற்று. 2006-ல் அந்த ஆலையையே இத்தாலியின் கம்பாரி நிறுவனம் வாங்கிவிட்டது.

அக்கா வீட்டு மொட்டை மாடி. மார்கழிக் குளிர் முழுதாகப் போகாத ராத்திரி. அக்கா கல்யாணத்துக்கு அன்பளிப்பாக வந்த ஜூஸ் கிளாஸ் செட்டில், வாய் கொஞ்சம் குறுகினதாக இரண்டைத் தேடி எடுத்துக்கொண்டேன். வாய் குறுகினால் மணம் வெளியே ஓடாமல் நிற்கும்.

"கோலா எடுத்துட்டு வரவா மாப்ள?" என்றார் அத்தான்.

"வேண்டாம் அத்தான். ஒரு டம்ளர் தண்ணியும் ஒரு ஸ்பூனும் போதும்."

"மருந்தா குடிக்கப்போற?"

நிறம் வெளுத்த வைக்கோல். பழைய போர்பன் பீப்பாயில் இருந்த விஸ்கிக்குப் பெரும்பாலும் இந்த நிறம்தான். (அமெரிக்காவில் போர்பனைப் புது ஓக் பீப்பாயில்தான் போடவேண்டும் என்று சட்டம். ஒரு தடவை பயன்படுத்தின பீப்பாயை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? ஸ்காட்லாந்துக்கு விற்கிறார்கள். பழைய இரும்புக் கடைக்காரர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.)

மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். உண்மையைச் சொன்னால், கை கொஞ்சம் நடுங்கியது. மாமாவின் சட்டை நாற்றம் வரும் என்று எதிர்பார்த்தேன். சின்ன வயதில் ராத்திரி அந்த நாற்றம் வாசலில் வந்தால் வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவோம். அந்தப் பயம் மூக்கில்தான் உட்கார்ந்திருந்தது.

அது வரவில்லை. முதலில் ஆல்கஹால் மட்டும் சுருக்கென்று ஏறியது. ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதற்கு முன் தேய்ப்பார்களே, அந்த மணம். பத்து நிமிடம் கீழே வைத்துவிட்டு அத்தானிடம் கத்தார் கதை கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்ப எடுத்து மோந்தால் பச்சை ஆப்பிள். அப்புறம் பேரிக்காய். இதில் பழம் எதுவும் போடவில்லை. ஈஸ்ட் நொதிக்க வைக்கும்போது எஸ்டர் என்ற வகைச் சேர்மங்களை உண்டாக்குகிறது. ஆப்பிளிலும் வாழைப்பழத்திலும் இருப்பது அதே குடும்பம்தான்.

அதற்கும் கீழே இன்னொரு மணம். ரொம்பத் தெரிந்த மணம், பெயர் வரவில்லை. ரெண்டு நிமிடம் யோசித்துவிட்டு நானே சிரித்துவிட்டேன். ஹார்லிக்ஸ்! ஹார்லிக்ஸ் தீர்ந்த பாட்டிலைத் திறந்தால் வருமே, அது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பார்லியை ஊறப்போட்டு, முளை விட்டதும் உலர்த்துவதுதான் மால்ட். ஹார்லிக்ஸும் அதிலிருந்துதான், விஸ்கியும் அதிலிருந்துதான். ஒன்று பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு, இன்னொன்று பரீட்சை பேப்பர் திருத்துகிறவருக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

வாயில் வைத்தால், நுனி நாக்கில் ஒரு இனிப்பு. ரொம்ப மெலிசு. எரிச்சல் இருக்கிறது, ஆனால் மிளகு ரசம் அளவுக்குத்தான். வெனிலா கொஞ்சம். விழுங்கின பிறகு ஊறவைத்த பாதாமின் தோலைக் கடித்தது மாதிரி லேசான கசப்பு. அதுவும் சீக்கிரம் போய்விட்டது. பெரிய ஆட்டம் பாட்டம் எதுவும் இல்லை. பீட் புகை போடாத விஸ்கி என்பதால் புகை நாற்றமும் கிடையாது. ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டேன். எரிச்சல் அடங்கி ஆப்பிள் முன்னால் வந்தது. தண்ணீர் விட்டால் ஏன் மணம் கூடுகிறது என்பதை ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல்சன், ஃப்ரீட்மேன் என்ற இருவர் 2017-ல் கணினியில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். குவாயகால் என்ற புகை மணச் சேர்மத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆல்கஹால் அதிகமாக இருந்தால் அது திரவத்துக்குள்ளேயே கலந்து கிடக்கிறது. தண்ணீர் சேர்த்து நீர்த்துப்போகும்போது மேற்பரப்புக்கு வருகிறது. மேலே வந்தால்தானே மூக்குக்கு எட்டும்.

அத்தான் ஒரே மடக்கில் முடித்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லியே மாப்ள, சப்புன்னு இருக்கு" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. லேசாக இருக்கவேண்டும் என்றே மெனக்கெட்டுச் செய்திருக்கிறார்கள்.

எப்படி என்றால், வாலையில் இருக்கிறது சூட்சுமம். (காய்ச்சி வடிக்கிற பாத்திரத்துக்குத் தமிழில் வாலை என்று நல்ல பெயர் இருக்கிறது. சித்த மருந்தில் தீநீர் இறக்குவது அதில்தான். ஓமத் தீநீர் குடிக்காத திருநெல்வேலிப் பிள்ளை உண்டா?) க்ளென் கிராண்ட் ஆலை ரோத்தஸ் என்ற ஊரில் இருக்கிறது. 1840-ல் ஜான், ஜேம்ஸ் என்ற கிராண்ட் சகோதரர்கள் தொடங்கியது. பிறகு வந்த, 'மேஜர்' என்றே எல்லோரும் அழைத்த இன்னொரு ஜேம்ஸ் கிராண்ட்தான் உயரமான, ஒல்லியான வாலைகளை வைத்தார். ஆவி அந்த உயரம் ஏறுவதற்குள் கனமான சரக்கெல்லாம் குளிர்ந்து திரும்பக் கீழேயே விழுந்துவிடும். தப்பித்து மேலே போனதையும் 'பியூரிஃபையர்' என்ற இன்னொரு பாத்திரம் பிடித்துக் கீழே அனுப்பும். லேசானது மட்டும்தான் கடைசியில் வெளியே வரும்.

எல்லாம் செம்பு. ஆவி செம்பைத் தொடத் தொட அதிலிருக்கிற கந்தகச் சேர்மங்கள் செம்போடு ஒட்டிக்கொள்ளும். அழுகின முட்டைக்கோஸ் நாற்றம் குறையும். எஃகு வாலையில் காய்ச்சினால் அது போகாது. தாமிரத்தின் பெயரையே ஆற்றுக்கு வைத்திருக்கிற ஊர்க்காரன் என்பதால் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை வந்தது. காரணமே இல்லாத பெருமைதான்.

மறுநாள் காலையில் அம்மா அக்கா வீட்டுக்கு வந்தாள். மாடியில் துணி காயப்போடப் போனவள் கிளாஸை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அடியில் ஒட்டியிருந்த சொட்டு காய்ந்துபோயிருக்கிறது. மோந்து பார்த்துவிட்டு, "ஏய்யா, ஹார்லிக்ஸ் குடிச்ச கிளாஸ ராத்திரியே கழுவி வைக்கப்பிடாதா? எறும்பு மொய்க்காதா?" என்றாள்.

ஆல்கஹால் முழுதும் பறந்துபோனால் மிஞ்சுவது தானிய மணமும் மர மணமும்தான். அதனால் அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் மறைக்க மனசு வரவில்லை. சொல்லிவிட்டேன். எவ்வளவு குடித்தேன், யார் வாங்கி வந்தது, எல்லாம். அம்மா திட்டவில்லை. இன்னொரு தடவை மோந்து பார்த்தாள். "அவன் மேல இந்த மணம் வரலியே" என்றாள். நான் உற்சாகமாகி பார்லி, செம்பு, பீப்பாய் என்று அளக்க ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தி, "சரி, அவனுக்கு இத வாங்கிக் குடுத்திருந்தா மட்டும் இருந்திருப்பானாக்கும்?" என்று கேட்டுவிட்டுக் கிளாஸைக் கழுவப் போய்விட்டாள். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

இருந்திருக்கமாட்டார். அதற்கு வேதியியல் தெரிந்திருக்கவேண்டியதில்லை, பெருக்கத் தெரிந்தால் போதும். ஒரு குவாட்டரில் இருக்கிற சுத்த ஆல்கஹால் சுமார் 61 கிராம். நான் குடித்த 30 மில்லியில் சுமார் 9.5 கிராம். ஈரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது. பார்லியிலிருந்து வந்தாலும் கரும்பிலிருந்து வந்தாலும் எத்தனால் எத்தனால்தான். இந்த அளவு வரைக்கும் ஆபத்தே இல்லை என்று சொல்லும்படி ஒரு அளவு கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. மாமாவும் நானும் குடித்ததில் வித்தியாசம் அளவில் இருந்தது, வேகத்தில் இருந்தது. ருசி என்னைக் காப்பாற்றும் என்று நான் நம்பவில்லை. ருசி பார்க்கிறவன் மெதுவாகக் குடிப்பான், அவ்வளவுதான் சொல்லமுடியும். மெதுவாக ஆரம்பித்து வேகம் பிடித்தவர்களும் ஊரில் இருக்கிறார்கள்.

இனி வயசுக் கணக்கு.

ஸ்காட்ச் என்று பெயர் வைக்கவேண்டுமானால் ஸ்காட்லாந்திலேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் இருக்கவேண்டும். பாட்டிலில் 10 என்று போட்டிருந்தால், உள்ளே கலந்திருப்பதில் ரொம்ப இளையதற்குப் பத்து என்று அர்த்தம். பீப்பாய்க்குள் இருக்கிற காலத்தில் சரக்கு கொஞ்சம் கொஞ்சமாக மரத்தின் வழியாக ஆவியாகும். ஸ்காட்லாந்தில் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம். அதை அவர்கள் 'தேவதைகளின் பங்கு' என்கிறார்கள். நம் பக்கத்தில் இதைப் புரியவைக்க தேவதை வரைக்கும் போகவேண்டாம். கொடை விழாவில் சுடலைமாடனுக்குச் சாராயமும் சுருட்டும் படைக்கிறோம். சாமி பங்கு போக மீதிதான் ஆசாமிக்கு. அதே ஏற்பாடு.

ரோத்தஸில் கோடையிலேயே 20 டிகிரியைத் தாண்டினால் ஊரே சட்டையைக் கழற்றிவிடும். பெங்களூருக்கு நாம் ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போகிறோம், ஆனால் விஸ்கியின் கண்ணுக்கு பெங்களூர் அடுப்பங்கரை. அங்கே மாடன் பங்கு வருடத்துக்கு 10 முதல் 12 சதவீதம். 11 என்று வைத்துக்கொண்டு 200 லிட்டர் பீப்பாய்க்கு நானே போட்ட கணக்கு: ஸ்காட்லாந்தில் 10 வருடம் கழித்துத் திறந்தால் சுமார் 163 லிட்டர் இருக்கும். பெங்களூரில் 5 வருடத்திலேயே 112 ஆகிவிடும். 10 வருடம் விட்டால் 62. இருபது வருட விஸ்கி செய்கிறேன் பேர்வழி என்று இங்கே உட்கார்ந்தால் கடைசியில் 19 லிட்டருக்குக் காவல் காத்துக்கொண்டிருக்கவேண்டும்.

வெயில் திருடுவது மட்டுமில்லை, பதிலுக்குக் கொடுக்கவும் செய்கிறது. சூட்டில் சரக்கு விரிந்து மரத்துக்குள் ஏறும். குளிர்ந்தால் நிறத்தையும் வெனிலாவையும் துவர்ப்பையும் எடுத்துக்கொண்டு திரும்பும். அதனால் அங்கே பத்து வருடத்தில் நடப்பதில் ஒரு பகுதி இங்கே நாலைந்து வருடத்தில் நடந்துவிடுகிறது. முழுதும் நடக்கிறது என்று சிலர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். மரத்திலிருந்து வாங்குவது வேகமாக நடக்கலாம். காற்றோடு சேர்ந்து சரக்கு தனக்குள்ளேயே மாறிக்கொள்கிற வேலைக்கு நாள் பிடிக்கத்தான் செய்யும். புகை போட்டுப் பழுக்க வைத்த மாம்பழம் மஞ்சளாகத்தான் இருக்கும். தின்று பார்த்தால்தான் தெரியும்.

அம்ருத் விஷயத்தில் தின்று பார்த்தேன். அதாவது குடித்துப் பார்த்தேன். ஏப்ரலில் ஒரு கருத்தரங்குக்கு பெங்களூர் போனபோது, நண்பன் ஒருவன் கூட்டிக்கொண்டு போன இடத்தில் 30 மில்லி. ராதாகிருஷ்ண ஜக்தாலே 1948-ல் தொடங்கிய கம்பெனி அது. அடுத்த தலைமுறை நீலகண்ட ஜக்தாலே, 2019-ல் காலமானார். அவர் மகன் இங்கிலாந்தில் எம்.பி.ஏ. படிக்கும்போது, இந்திய விஸ்கியை அங்கே விற்க முடியுமா என்பதையே ஆய்வாக எழுதினார். (ஆய்வேட்டை எழுதி முடித்து அது உண்மையாகவும் நடந்த ஒரே மாணவர் இவராகத்தான் இருக்கும். பொறாமையாக இருக்கிறது.) 2004 ஆகஸ்டில் அம்ருத் சிங்கிள் மாட்டை அறிமுகம் செய்த இடம் பெங்களூர் இல்லை, கிளாஸ்கோ! திருநெல்வேலிக்கு வந்து அல்வாக் கடை போடுகிற தைரியம் அது. சும்மா இல்லை, ஜிம் மரே என்ற விமர்சகர் தன்னுடைய 2010-ஆம் வருடப் புத்தகத்தில் அம்ருத் ஃப்யூஷனை உலகத்தின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதினார். 2013-ல் 8 வருட விஸ்கி ஒன்றை வெளியிட்டபோது, ஆவியானது போக மிஞ்சினதைப் பார்த்து நொந்துபோய் அதற்கு 'பேராசைக்கார தேவதைகள்' என்று பெயர் வைத்தார்கள்.

நான் குடித்தது சாதாரண அம்ருத். நிறம் நல்ல தேன். மோந்தால் கருப்பட்டி முதலில் வந்தது, பிறகு ஓமம் மாதிரி ஒரு காரம், அப்புறம் வறுத்த தானியம். வாயில் கனமாக உட்கார்ந்தது. மரத்தின் துவர்ப்பு தெரிந்தது, பாக்கு மென்ற மாதிரி. ஐந்து நிமிடம் கழித்தும் நாக்கில் இருந்தது. க்ளென் கிராண்டை எடுத்து வைத்திருந்த குறிப்போடு ஒப்பிட்டால் இவர்தான் அண்ணன் என்று யாரும் சத்தியம் செய்வார்கள். ஆனால் ஒன்று. அந்த பார்லி மணம், ஹார்லிக்ஸ், அது இதில் மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. பத்து வயசுப் பையனிடம் அது மறைக்காமல் முன்னால் நின்றது. எது உசத்தி என்றால், எனக்கு அந்தப் பையனைத்தான் பிடித்திருந்தது. எதிலிருந்து வந்தான் என்பதை மறக்காமல் இருந்தான்.

மாமா குடித்த 'விஸ்கி'யில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. இங்கே மலிவாக விற்கிற விஸ்கிகளில் பலவற்றுக்கு அடிப்படை சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற மொலாசஸ் பாகு. அதைக் காய்ச்சி, எந்த மணமும் இல்லாத சாராயமாக்கி, நிறமும் வாசனையும் கொஞ்சம் மால்ட் சரக்கும் சேர்ப்பது. தானியத்திலிருந்து வராததை விஸ்கி என்று விற்க ஐரோப்பாவில் அனுமதி இல்லை. தண்ணீர் ஆற்றுத் தண்ணியா போர் தண்ணியா என்று கண்டுபிடிக்கிற ஆள் அதை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்ததில் என்ன ஆச்சரியம்? மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

நம் ஊருக்கென்று அப்படி ஒன்று இருந்திருந்தால் அது பார்லியாக இருந்திருக்காது, பனையாகத்தான் இருந்திருக்கும். இலங்கையில் தென்னங்கள்ளைக் காய்ச்சி, ஹல்மில்லை மரத் தொட்டிகளில் வைத்து அரக்கு செய்து உலகத்துக்கு விற்கிறார்கள். இங்கே 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. மொலாசஸ் விஸ்கிக்குக் கடை உண்டு, மாநில மரத்தின் கள்ளுக்குக் கிடையாது. இதில் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. ஆனால் கள்ளைத் திறந்துவிட்டால் மாமாக்கள் பிழைத்துவிடுவார்கள் என்று மேடையில் பேசுகிறவர்களையும் நம்பவில்லை. அம்மா கேட்ட கேள்வி அங்கேயும் வந்து நிற்கும்.

சும்மா கணக்குக்கு மட்டும் ஒன்று போட்டுப் பார்த்தேன். பனங்கள்ளைச் செம்பு வாலையில் இரண்டு தடவை காய்ச்சி, 200 லிட்டர் ஓக் பீப்பாயில் ஊற்றி, தச்சநல்லூர் வெயிலில் ஒரு ஓட்டுக் கொட்டகையில் உருட்டி வைக்கிறோம். பெங்களூரை விட இங்கே சூடு அதிகம், மாடனும் பக்கத்திலேயே இருக்கிறார், அதனால் அவர் பங்கு வருடத்துக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடத்தில் 123 லிட்டர். ஐந்து வருடத்தில் 89. மாமா மோந்து பார்த்திருந்தால் மூன்றாவது வருடமே இறக்கச் சொல்லியிருப்பார்.